“மீ லாபீ!” என்ற நள்ளிரவுக் குரலும் டியூப் லைட்டும்: விடுதி நடத்தும் கோயில் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மியன்மாரின் யாங்கோன், பாகோ, மோன் வட்டாரங்களில் மாணவர் விடுதியும் இரவுப் படிப்புக் கூடமும் நடத்தும் கோயில் அறங்காவலர்களுக்கும், தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர்களுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

மின்வெட்டு முடிந்து இரவு ஒரு மணிக்கு லைன் வருகிறது. இருட்டிலேயே படுத்துத் தூங்கிய அறை. சுவிட்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. நான்கடி எல்.இ.டி. டியூப் இரண்டும் பளீரென்று எரிகின்றன. “மீ லாபீ!” (பர்மிய மொழியில் ‘கரன்ட் வந்துவிட்டது’) என்று வராந்தாவில் ஒரு குரல். கீழே தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. போனைச் சார்ஜில் போட நாலைந்து பிள்ளைகள் எழுகிறார்கள், மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு புரள்கிறார்கள். அரை மணி கழித்து யாரோ ஒருவர் விளக்கை அணைக்கிறார். காலை ஐந்தரைக்கு எழுப்பினால் பாதிப் பேருக்கு முகம் கழுவியும் தெளியவில்லை. “ராத்திரி சீக்கிரம்தானே படுத்தீர்கள்” என்று காப்பாளர் கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். பத்து மணிக்கே படுத்தவர்கள்தான்.

விளக்கு, வயரிங் வேலை தெரிந்தவர்களும், கண்ணையும் உறக்கத்தையும் பற்றிப் படித்தவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். மின்வெட்டை நீங்களும் நிறுத்த முடியாது, நாங்களும் நிறுத்த முடியாது. லைன் வந்தாலும் படுக்கை அறை விளக்கு தானாக எரியாமல் இருக்கச் செய்யலாம். படுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் எந்த நிற வெளிச்சம் பிள்ளைகளின் கண்ணில் படுகிறது என்பதையும் நீங்கள் தீர்மானிக்கலாம். நாங்கள் கேட்பது இவ்விரண்டும்தான்.

முதலில், ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறோம். மூளையின் நடுவில் பட்டாணிக்கும் சிறிதாக இருக்கிற பீனியல் சுரப்பி, இருட்டியபின் மெலடோனின் என்ற பொருளைச் சுரக்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே அது ஏறத் தொடங்கி, நள்ளிரவுக்குப் பின் உச்சத்தில் நின்று, விடியும்போது வடிகிறது. உடம்புக்கு “இப்போது இரவு” என்று சொல்லும் செய்தி அது. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் மாட்டுப் பீனியல்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். தவளைத் தோலை அது வெளுக்கச் செய்ததை வைத்தே பெயரும் வந்தது. அதற்கு நாற்பது ஆண்டு கழித்து, 1998இல், இக்னேசியோ ப்ரொவென்சியோவும் உடன் இருந்தவர்களும் மெலனாப்சின் என்ற ஒளியுணரும் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் தவளைத் தோலிலேதான். தவளைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த மெலனாப்சின் மனித விழித்திரையிலும் உண்டு. பார்ப்பதற்கு உதவும் கூம்புச் செல்களிலும் கோல் செல்களிலும் அது இல்லை. விழித்திரையின் வேறோர் அடுக்கில், எண்ணிக்கையில் மிகக் குறைந்த சில நரம்புச் செல்களில் இருக்கிறது. வெளியே வெளிச்சம் எவ்வளவு என்பதை மூளையடியில் உள்ள உடற்கடிகாரத்துக்குத் தெரிவிப்பது இச்செல்களின் முக்கிய வேலை. அந்தக் கடிகாரம் சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு முடிச்சு. அங்கிருந்து செய்தி நெஞ்சு மட்டத்துத் தண்டுவடம் வரை இறங்கி, கழுத்து நரம்பு முடிச்சு வழியாக மறுபடி தலைக்கு ஏறிப் பீனியலை அடைகிறது. சுற்றுவழி என்றாலும் தாமதமில்லை. கண்ணில் வெளிச்சம் பட்ட சில நிமிடங்களிலேயே மெலடோனின் இறங்கத் தொடங்கும்.

எல்லா நிறமும் இதை ஒரே அளவில் செய்வதில்லை. 2001இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒவ்வொரு நிறமாகப் போட்டுப் பார்த்தன. மெலடோனினை அதிகம் அடக்கியது 460 நானோமீட்டரை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலைநீளம்) ஒட்டிய நீலம். மெலனாப்சினின் சொந்த உச்சம் 480இல். பச்சை ஓரளவு பாதிக்கும், ஆரஞ்சு மிகக் குறைவாக, சிவப்பு அநேகமாக இல்லவே இல்லை.

இப்போது கடையில் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி.க்கு வருவோம். உள்ளே இருப்பது வெள்ளை விளக்கே அல்ல. 450 நானோமீட்டர் சுற்றில் ஒளிரும் நீலச் சில்லு ஒன்று, அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீலத்தில் ஒரு பங்கைப் பூச்சு விழுங்கி மஞ்சளாகக் கக்குகிறது, விழுங்காத மிச்சம் அப்படியே வெளியே வருகிறது, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சு மெல்லியதானால் நீலம் அதிகம் தப்பும். அது 6500 கெல்வின் (நிறவெப்பம், அதாவது வெள்ளையின் சாயலைக் குறிக்கும் எண்), பெட்டியில் ‘டேலைட்’ என்று போட்டிருக்கும். பூச்சு கனமானால் 2700 அல்லது 3000, ‘வார்ம் ஒயிட்’. நம் ஊர்க் கடைகளில் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் முதல் வகை. ஒரே வாட்டில் சற்றுக் கூடுதல் வெளிச்சம், ‘பளிச்’ என்ற தோற்றம், அதனால் விற்கிறது. சார்ஜ் பல்பு, சோலார் விளக்கு, கொசு பேட்டில் இருக்கும் டார்ச் வரை அப்படித்தான்.

பெட்டி தொலைந்துபோன பல்பைச் சோதிக்கப் பழைய சி.டி. ஒன்று போதும். அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, அந்த ஒரு பல்பின் வெளிச்சம் சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். வானவில் பட்டை தெரியும். 6500 பல்பில் நீல முனையில் தனியாக ஒரு பிரகாசமான கோடு, அதையடுத்து ஓர் இருண்ட இடைவெளி, பிறகு பச்சை, மஞ்சள், சிவப்பு. 2700 பல்பில் அதே நீலக் கோடு மங்கிப்போயிருக்கும், சிவப்புப் பக்கம் தடித்திருக்கும். ஆம்பர் (செம்மஞ்சள்) எல்.இ.டி.யில் நீலம் இருக்கவே இருக்காது. விவரம் தெரிந்த சிலர் கேட்பார்கள்: “அந்த இருண்ட இடைவெளி சரியாக 480இல்தானே விழுகிறது, அப்படியானால் எல்.இ.டி. நல்லதுதானே?” மெலனாப்சின் ஒற்றைக் கோட்டை மட்டும் பார்ப்பதில்லை. மலைபோல் இருபுறமும் சரியும் அகலமான உணர்திறன் அதற்கு. 450இல் உள்ள கோடும் அதற்குள் வசமாக விழுகிறது.

குழல் வாங்கும்போது அதன் முனையில் மூன்று இலக்க எண் இருந்தால் பாருங்கள். 865 என்றால் 6500 கெல்வின், 840 என்றால் 4000, 830 என்றால் 3000, 827 என்றால் 2700. முதல் இலக்கம் நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கு, பின்னிரண்டும் நிறவெப்பத்துக்கு.

இனி அளவு. லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும், பார்வைக்கான கணக்கு. அதை விளக்கின் நிறத்துக்கேற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால், மெலனாப்சின் உணரும் லக்ஸ் கிடைக்கும். பகல் வெளிச்சத்துக்குப் பெருக்கெண் 1 என்று வைத்திருக்கிறார்கள். 6500 எல்.இ.டி.க்கு அது சுமார் 0.9, 4000க்கு 0.6 பக்கம், 2700க்கு 0.4 பக்கம், எண்ணெய் விளக்குக்கு 0.3க்குள், ஆம்பருக்கு 0.1க்கும் கீழே. 2022இல் இத்துறை அறிஞர்கள் பலர் கூடி வெளியிட்ட பரிந்துரை இந்த மெலனாப்சின் கணக்கில்தான் இருக்கிறது: பகலில் கண் மட்டத்தில் குறைந்தது 250 லக்ஸ், படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் அதிகபட்சம் 10, தூங்கும்போது 1.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, சுண்ணாம்பு வெள்ளைச் சுவர், 20 வாட் 6500 டியூப் ஒன்று. அது மொத்தம் 2000 லூமன் அளவு வெளிச்சம் தரும். பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்ணில் நேர்ப்பார்வையாக விழுவது ஏறக்குறைய 50 முதல் 60 லக்ஸ். மெலனாப்சின் கணக்கில் 50. எல்லையைப்போல் ஐந்து மடங்கு. அதே அறையில் 5 வாட் 2700 பல்பு ஒன்று மாட்டினால் கண்ணில் விழுவது 10, 12 லக்ஸ், மெலனாப்சினுக்கு 5. சட்டை மடிக்கவும், பை கட்டவும், பாய் விரிக்கவும் அது தாராளம். நிறத்தை மட்டும் மாற்றி 20 வாட்டையே வைத்திருந்தால் 50 என்பது 22 ஆகும், அவ்வளவுதான். நிறமும் மாறவேண்டும், அளவும் குறையவேண்டும். ‘வார்ம் ஒயிட் போட்டுவிட்டோம்’ என்று 20 வாட்டை மாட்டிவிட்டுத் திருப்திப்படுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம்.

போனில் லக்ஸ் அளக்கும் செயலி போட்டு நீங்களே பார்க்கலாம். எண் துல்லியமாக இராது. பழைய விளக்குக்கும் புதிய விளக்குக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று ஒப்பிட உதவும். மேசைமேல் மல்லாக்க வைத்து அளப்பது வழக்கம், அது தவறு. கண் இருக்கும் உயரத்தில், கண் பார்க்கும் திசையில் போனின் முகத்தை நிறுத்தி அளக்கவேண்டும்.

“எனக்கு டியூப் லைட்டுக்குக் கீழேயே தூக்கம் வருகிறதே” என்று மூத்த காப்பாளர்கள் சொல்வார்கள். உண்மையாகத்தான் சொல்கிறார்கள். அறுபது வயதில் கண்ணின் வில்லை பழுத்து மஞ்சளாகிவிடுகிறது, நீலத்தில் கணிசமான பங்கை அதுவே வடிகட்டிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு வில்லை கண்ணாடிபோல் தெளிவு, கண்பாவையும் பெரிது. அதனால் ஐயா தம் கண்ணை வைத்துப் பிள்ளைகள் கண்ணை அளக்கக் கூடாது. பெரியவர்களுக்குள்ளேயே இதில் ஆளுக்கு ஆள் ஐம்பது மடங்குக்கு மேல் வேறுபாடு இருப்பதை 2019இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரே அறையில் ஒருவன் குறட்டை விட, இன்னொருவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நள்ளிரவு ஒரு மணி வெளிச்சத்துக்குத் தனிக் கெடுதல் ஒன்று உண்டு. பத்து மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் பிள்ளையின் உடற்சூடு மூன்று மணி வாக்கில்தான் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. அதற்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் உடற்கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பின்னால் படுவது முன்னுக்கு இழுக்கும். ஒரு மணிக்கு எரியும் டியூப், “இன்னும் சாயங்காலம் முடியவில்லை” என்று கடிகாரத்திடம் சொல்கிறது. அன்று கெட்டது அரை மணி உறக்கம்தானே என்று விட்டால், மறுநாள் இரவும் தூக்கம் தள்ளிப்போய் வரும்.

தூங்கும் பிள்ளைக்கு இமை மூடியிருக்கிறதே என்று கேட்பீர்கள். இமை நீலத்தை நன்றாகவே தடுக்கிறது, சிவப்பைத்தான் கொஞ்சம் உள்ளே விடும். விழிக்காமல் தூங்குகிறவனின் மெலடோனின் அதிகம் குறையாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 2022இல் அமெரிக்காவில், இரவு முழுதும் 100 லக்ஸ் வெளிச்சத்தில் தூங்கவைத்துப் பார்த்தபோது, மெலடோனின் மாறாமலே இதயத் துடிப்பு கூடியது, மறுநாள் காலை இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. போதாததற்கு, பளீரென்ற டியூப்புக்கும் மோட்டார்ச் சத்தத்துக்கும் விழிக்காத பிள்ளை எத்தனை பேர்?

சுவிட்சை ஏன் அணைப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். சோம்பல் இல்லை. விளக்கு எரிந்தால்தான் லைன் வந்தது தெரியும், தெரிந்தால்தான் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றலாம், பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கலாம். ஆக, அந்த வேலையை டியூப் லைட்டிடமிருந்து பிடுங்கி வேறொன்றிடம் கொடுக்கவேண்டும். எலக்ட்ரிக் கடையில் பேனல் போர்டுகளுக்கு மாட்டும் 220 வோல்ட் சிவப்புப் பைலட் லாம்ப் கேளுங்கள், 22 மில்லிமீட்டர் துளையில் பொருந்தும். காப்பாளர் அறையில் ஒன்று, மோட்டார் அருகில் ஒன்று. இன்வெர்ட்டருக்கு முன்னால், மீட்டரிலிருந்து வரும் லைனில் இணைத்தால்தான் அது உண்மையைச் சொல்லும். பொறுப்பானவர் அவசியம் எழவேண்டும் என்றால் அவர் அறையில் மட்டும் ஒரு சிறு பஸ்ஸர் சேர்த்துக்கொள்ளலாம்.

மோட்டாருக்கு மேல்தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்சு, கீழ்த்தொட்டியில் இன்னொன்று. மேலே நிரம்பினால் நிற்க, கீழே வற்றினால் ஓடாமலிருக்க. கீழே உள்ளதை மிச்சம் பிடித்தால் மோட்டார் வெறுமனே ஓடிச் சீல் கருகும். இரண்டுக்கும் முன்னால் ஆன்-டிலே டைமர் ஒன்று வைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் தாமதம் கொடுங்கள், ஏனென்றால் லைன் வந்தவுடன் வோல்டேஜ் ஏறி இறங்கும், சில சமயம் வந்த கையோடு போய்விடும். இது அமைந்துவிட்டால் நள்ளிரவில் தண்ணீருக்காக ஒருவரும் எழவேண்டாம்.

போன் சார்ஜுக்கு வராந்தாவில் ஒரு பலகையும் ப்ளக் வரிசையும். படுக்கப் போகுமுன் எல்லாப் போனும் அங்கே. எப்போது லைன் வந்தாலும் அது பாட்டுக்குச் சார்ஜ் ஆகும்.

படுக்கை அறை விளக்குகளுக்கு இரண்டு வழி. செலவில்லாதது: படுக்கும் நேரத்தில் காப்பாளர் அந்த அறைகளின் விளக்கு எம்.சி.பி.யை (மெயின் போர்டில் இருக்கும் பிரேக்கர் சுவிட்சை) கீழே தள்ளிவிடுவது. இன்றிரவே தொடங்கலாம். மறந்துபோவார்கள் என்பதுதான் குறை, மறந்த அன்றைக்குத்தான் ஒரு மணிக்கு லைனும் வரும்.

மறதிக்கு இடம் கொடுக்காதது கான்டாக்டர், அதாவது காந்தச் சுருளால் (காயில்) இயங்கும் சுவிட்சு. விளக்கு லைனை ஒரு கான்டாக்டரின் முதன்மைத் தொடர்புகள் வழியாகக் கொண்டுபோங்கள். எம்.சி.பி.யிலிருந்து ஒரு கம்பி ஸ்டாப் பட்டனுக்கு, அங்கிருந்து ஸ்டார்ட் பட்டனுக்கு, அங்கிருந்து காயிலின் ஏ1 முனைக்கு; ஏ2 நியூட்ரலுக்கு. துணைத் தொடர்பு 13, 14 இரண்டையும் ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாகக் கட்டுங்கள். ஸ்டார்ட்டை அழுத்தினால் கான்டாக்டர் இழுத்துத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். லைன் போனால் விட்டுவிடும். திரும்ப வந்தால் யாராவது அழுத்தும்வரை சும்மா இருக்கும். தையல் பட்டறையிலும் மாவு மில்லிலும் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் கட்டும் எந்த எலக்ட்ரீசியனுக்கும் இது பழகிய கட்டு. இதை விளக்குக்குச் செய்யச் சொன்னால் ஒரு கணம் விசித்திரமாகப் பார்ப்பார், அவ்வளவே.

தவறுகிற இடங்கள் சொல்கிறோம். எல்.இ.டி. விளக்குகள் பல ஒரே நேரத்தில் எரியும்போது முதல் நொடிப்பொழுதில் இழுக்கும் கரன்ட் மிக அதிகம். வாட்டைக் கணக்கிட்டு 9 ஆம்பியர் கான்டாக்டர் போட்டால் நாளடைவில் தொடர்பு முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு விளக்கு அணையவே அணையாது. 18 அல்லது 25 ஆம்பியர் போடுங்கள். அடுத்தது வோல்டேஜ். 220 வோல்ட் காயில் நிச்சயமாக இழுக்க 187 வோல்டாவது வேண்டும். 160, 170இல் தவிக்கும் தெருக்களில் அது கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், காயில் சூடேறிக் கருகும். அங்கே முன்னால் வோல்டேஜ் காப்பு ரிலே ஒன்று தேவை; இல்லையென்றால் எம்.சி.பி. வழியோடு நின்றுவிடுங்கள். மூன்றாவது, இன்வெர்ட்டர் உள்ள விடுதி. விளக்குகள் இன்வெர்ட்டரிலிருந்து எரிந்தால் காயிலுக்கும் இன்வெர்ட்டரின் வெளியீட்டிலிருந்தே கொடுக்கவேண்டும். மீட்டர் லைனிலிருந்து கொடுத்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் படிப்பு நடுவில் விளக்கு அணையும், இரண்டே நாளில் பிள்ளைகள் பட்டனில் குச்சியைச் செருகிவிடுவார்கள்.

மின்விசிறி இந்த லைனில் வரவே கூடாது. லைன் வந்ததும் விசிறி தானாகச் சுற்றவேண்டும், சித்திரை வெயிலில் அது பெரிய நிம்மதி. பழைய கட்டடங்களில் விசிறியும் விளக்கும் ஒரே வயரில் இருக்கும். விளக்குக்குத் தனியாக 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுக்கவேண்டி வரும். மொத்த வேலையில் நேரம் பிடிப்பது இதுதான்.

இரவில் கழிப்பறைக்குப் போகிறவர்களுக்கு அரை வாட், ஒரு வாட் ஆம்பர் அல்லது சிவப்பு விளக்குகளை முழங்கால் உயரத்துக்குக் கீழே, தரையைப் பார்த்து வையுங்கள். இங்கே ஒரு பழைய பழக்கத்தைக் கைவிடச் சொல்லவேண்டியிருக்கிறது: நீல ஜீரோ வாட் பல்பு. முன்பு அது நீலச் சாயம் பூசிய இழை பல்பு, அதில் உண்மையான நீலம் சொற்பம். இப்போது அதே பெயரில் விற்பது சுத்த நீல எல்.இ.டி., 460 சொச்சம் நானோமீட்டர். மெலனாப்சினுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கைத் தேடிப் பிடிக்கமுடியாது. ஒரே லக்ஸுக்குப் பகல் வெளிச்சத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேலை செய்யும். ‘குளுமையாக இருக்கிறது’ என்று அதைத் தூங்கும் அறையில் மாட்டியிருக்கிறோம்!

படிப்புக் கூடத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயார். மெட்ரிக் தேர்வு மார்ச்சில். மூன்று மணி நேரம் 10 லக்ஸுக்குள் படி என்றால் எந்தப் பெற்றோரும் எங்களை வையத்தான் செய்வார்கள். ஏழரை வரை கூடத்து டியூப்கள் எரியட்டும். அதன்பின் அவற்றை அணைத்துவிட்டு மேசை விளக்கு. 5 வாட் 2700 பல்பு, தகரக் கூடு, தாளிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம், வலது கையால் எழுதுகிறவருக்கு இடப்பக்கம், பல்பு நேராகக் கண்ணில் தெரியாத சாய்வு. தாளில் 300 லக்ஸும் அதற்கு மேலும் கிடைக்கும். பள்ளி மேசைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு அதுதான். வெள்ளைத் தாளில் பட்டுக் கண்ணுக்குத் திரும்புவது மெலனாப்சின் கணக்கில் 10 முதல் 15. எல்லையைச் சற்றுத் தாண்டுகிறது, தெரியும். ஆனால் கூடம் முழுவதும் 6500 டியூப்பில் மேசைக்கு 300 லக்ஸ் கொண்டுவந்தால் கண்ணில் 150 பக்கம் விழும். மஞ்சள் விளக்குக்கு மழைக்கால ஈசல் மொய்ப்பதும் குறைவு, அது கூடுதல் லாபம்.

டியூப்பில் மஞ்சள் செல்லோபேன் சுற்றுவது, ‘புளூ கட்’ கண்ணாடி வாங்கித் தருவது இரண்டும் வேண்டாம். செல்லோபேன் சில மாதத்தில் வெளுத்துவிடும். நிறமில்லாத புளூ கட் கண்ணாடி நீலத்தில் சிறு பங்கைத்தான் தடுக்கிறது. போனில் இரவு நிறம் போடுவதும் அப்படியே. திரையின் பிரகாசத்தைக் குறைக்காமல் நிறத்தை மட்டும் மஞ்சளாக்கினால் பெரிய பலன் இல்லை. கடையில் மெலடோனின் மாத்திரை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை டாக்டர் சொல்லாமல் யாரும் செய்யவேண்டாம்.

முற்றத்து சோலார் விளக்கு ஜன்னல் வழியாக உள்ளே அடிக்கிறதா என்று ஒருநாள் இரவு பாயில் படுத்துப் பாருங்கள், நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. அடித்தால் விளக்கின் தலையைக் கீழே சாய்த்து, ஜன்னல் பக்கம் ஒரு தகரத் துண்டு கட்டினால் போதும். கோபுரத்து நீல, வெள்ளைச் சரவிளக்குகளை அர்த்தசாம பூசை முடிந்ததும் அணைக்க ஒரு டைமர் வையுங்கள். தீமிதிக்கும் தைப்பூசத்துக்கும் விடிய விடிய எரியட்டும். வருடத்தில் சில இரவுகளுக்காக நாங்கள் வம்புக்கு வரமாட்டோம்.

பகலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை வெளிச்சம் நன்றாகக் கிடைத்த கண், இரவு வெளிச்சத்துக்கு அவ்வளவு மிரளாது. ஆடி மாத மேகமூட்டத்திலும் வெளியே ஆயிரக்கணக்கில் லக்ஸ் இருக்கும். மூடிய கூடத்தில் 100, 200 தேறினால் அதிகம். கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பையும் காலை மனப்பாடத்தையும் வராந்தாவுக்கு மாற்றுங்கள். செலவு, பாய் சுமக்கிற வேலை மட்டும்.

பொருளாளர்கள் கேட்கப்போவது பணத்தைப் பற்றி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்றால் 600 வாட்-மணி. இன்வெர்ட்டரில் போகும் இழப்பைக் கழித்தால் கையில் நிற்பது 510. ஆறு டியூப், 120 வாட். இன்வெர்ட்டர் தனக்கென்று தின்னும் 12 வாட் சேர்த்து 132. நான்கு மணி நேரம்கூட வராது. ஆறு இடத்திலும் 5 வாட் பல்பு என்றால் 30உம் 12உம் 42. பன்னிரண்டு மணி நேரம். பேட்டரி ஒவ்வொரு இரவும் அடிமட்டம் வரை வற்றாததால் அதன் ஆயுளும் நீளும். உறக்கம் பற்றிச் சொன்னதை எல்லாம் நம்பாதவர்கள், இந்தக் கணக்குக்காகவாவது மாற்றலாம்.

ஒவ்வொரு விடுதியிலும் அறையின் நீள அகலம், இப்போதுள்ள விளக்குகளின் வாட், குழல் முனையில் உள்ள எண், விசிறியும் விளக்கும் ஒரே வயரா, சுமார் எத்தனை வோல்ட் வருகிறது, இன்வெர்ட்டர் எங்கே இணைந்திருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி உங்கள் எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். வேலை நடக்கும் நாளில் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ‘இப்போதுதான் லைன் போனது, இனி ஏழு மணிக்குத்தான் வரும்’ என்று நம்பி வயரில் கை வைக்க யாரையும் விடாதீர்கள். மெயினை இறக்கிப் பூட்டிச் சாவியை வேலை செய்பவர் பையில் போடவேண்டும், இன்வெர்ட்டரையும் அணைக்கவேண்டும், டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
விளக்கு வேலையும் உறக்க இயலும் அறிந்த உங்கள் ஊர்க்காரர்கள்